அட்மிரல் டோகோ ஹெய்ஹாசிரோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1905 மே மாதம் சுஷிமா நீரிணையில் ரஷ்யாவின் பால்டிக் கப்பற்படையை ஒழித்துக்கட்டிய ஜப்பானிய அட்மிரல் டோகோ. அந்த ஒரு பிற்பகலைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்கு முன் அவர் நாற்பது ஆண்டுகள் கடலில் கழித்திருந்தார். அன்று அவர் எடுத்த முடிவுகளில் பாதிக்கு விடை அந்த நாற்பது ஆண்டுகளில்தான் இருக்கிறது.

பிறந்த ஆண்டு சில இடங்களில் 1847, சில இடங்களில் 1848 என்று இருக்கிறதே, எது சரி?

இரண்டும் ஒரே நாள்தான். பழைய ஜப்பானிய நாட்காட்டிப்படி அவர் பிறந்தது கோகா 4ஆம் ஆண்டு, 12ஆம் மாதம், 22ஆம் நாள். கோகா 4 பெரும்பாலும் 1847உடன் ஒத்துப்போவதால் சிலர் அப்படியே போட்டுவிடுகிறார்கள். நாளைக் கணக்கிட்டு மாற்றினால் 1848 ஜனவரி 27 வரும். சுஷிமாப் போரிலும் இதே சிக்கல் உண்டு. ரஷ்ய நூல்களில் மே 14 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அது பழைய ரஷ்ய நாட்காட்டி. மற்றவர்களுக்கு மே 27.

பெயரில் டோகோ என்பது குடும்பப் பெயர், முதலில் வரும். சிறு வயதில் அவர் பெயர் நாகாகோரோ. ஆண்பிள்ளை பெரியவனாகும் சடங்கில்தான் ஹெய்ஹாசிரோ ஆனார்.

டோகோ பிறந்தது சாமுராய் (போர்வீரர்) குடும்பம் என்றால், பெரிய நிலப்பிரபுக்களா?

இல்லை. ஜப்பானின் தென்கோடியில் இருந்த சத்சுமா என்ற சிற்றரசில் நிர்வாக வேலை பார்த்த குடும்பம். தகப்பனார் கிச்சிசாயெமோன் வரி, மாவட்ட நிர்வாகம் போன்ற பொறுப்புகளில் இருந்தவர். வீடு ககோஷிமா நகரின் கஜியா-சோ தெருப்பகுதியில். அந்தச் சின்னப் பகுதியிலிருந்து வந்தவர்களைப் பாருங்கள்: அரசியல் தலைவர்கள் சைகோ தகமோரி, ஒகுபோ தோஷிமிச்சி, தரைப்படைத் தலைவர்கள் ஒயாமா இவாவோ, குரோகி தமெமோத்தோ, கடற்படை அமைச்சர் யமமோத்தோ கொன்னோஹியோயே. தெருத்தெருவாகப் பையன்களைச் சேர்த்து, மூத்தவன் இளையவனுக்குக் கற்பிக்கும் 'கோஜூ' என்ற முறை சத்சுமாவில் இருந்தது. வாள்வித்தை, ஒழுங்கு, பாடம் எல்லாமே அதற்குள் அடக்கம். பின்னாளில் கடற்படை மேலிடமே சத்சுமாக்காரர்கள் கையில் இருந்தது. டோகோவின் திறமையைப் பேசும்போது இந்த ஊர்ப்பாசத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

வாள் பழகிய வீட்டுப் பையன் கடலுக்கு ஏன் போனார்?

15 வயதில் சொந்த ஊர் எரிவதைப் பார்த்ததுதான் தொடக்கம். 1862 செப்டம்பரில் யோகோஹாமா அருகே நாமமுகி கிராமத்தில், சத்சுமா தலைவரின் ஊர்வலத்துக்கு வழிவிடாத ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய வணிகரைச் சாமுராய்கள் வெட்டிக் கொன்றார்கள். பிரிட்டன் சத்சுமாவிடம் 25,000 பவுண்டு இழப்பீடு கேட்டது. சத்சுமா மறுத்தது. 1863 ஆகஸ்ட் நடுவில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ககோஷிமா விரிகுடாவுக்குள் வந்து நகரைச் சுட்டன. டோகோ கரைப் பீரங்கிக் குழுவில் நின்றார். கரையிலிருந்து பறந்த குண்டுகளில் பிரிட்டிஷ் தலைமைக் கப்பலின் கேப்டனே இறந்தார். ஆனாலும் நகரின் ஒரு பகுதி சாம்பலானது. கப்பலைக் கரையில் நின்று மட்டும் தடுக்க முடியாது என்று சத்சுமாவுக்குப் புரிந்தது. அடுத்த ஆண்டே தனிக் கடற்படை தொடங்கினார்கள். டோகோவும் சகோதரர்களும் அதில் சேர்ந்தார்கள்.

ரிச்சர்ட்சனுக்குக் கடைசி வெட்டுக் கொடுத்தவர் என்று சொல்லப்படும் கையேதா நொபுயோஷியின் மகள் தெத்சுவைத்தான் 1881இல் டோகோ திருமணம் செய்தார்.

முதல் கடற்போர் எது?

1868 ஜனவரி, ஆவா கடற்பகுதி. பேரரசர் பெயரில் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் ஆட்சியைக் கவிழ்த்த உள்நாட்டுப் போரில் 'கசுகா' என்ற சக்கரத் துடுப்பு நீராவிக் கப்பலில் இளநிலை அதிகாரியாக இருந்தார். எதிரே ஷோகுனின் 'கைய்யோ மாரு', கசுகாவைவிடப் பெரியது, பலமானது. கசுகா வேகத்தை நம்பித் தப்பியது. 1869இல் மியாகோ விரிகுடா, ஹகோதாதே சண்டைகளிலும் அதே கப்பலில் இருந்தார்.

இங்கிலாந்தில் ராயல் நேவி கல்லூரியில் படித்தாரா?

இல்லை. பரவலான தவறு இது. 1871 முதல் 1878 வரை இங்கிலாந்தில் இருந்தார், ஆனால் அந்நாட்டுக் கடற்படைப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. தேம்ஸ் நதியில் நங்கூரமிட்டிருந்த 'வூஸ்டர்' என்ற பயிற்சிக் கப்பலில் சேர்ந்தார். அது வணிகக் கப்பல் அதிகாரிகளுக்கான பள்ளி. வயதில் சிறிய பையன்களோடு படித்தார், 'ஜானி சைனாமேன்' என்ற கேலிப் பெயரையும் கேட்டார்.

1875இல் 'ஹாம்ப்ஷயர்' என்ற பாய்மரக் கப்பலில் சாதாரண மாலுமியாக மெல்பர்ன் வரை போனார். எங்கும் நிற்காமல் 70 நாள். உப்புக்கண்டமும் உலர் பிஸ்கட்டும் சாப்பாடு. பாயைச் சுருட்டுவது, இரவுக் காவல், நட்சத்திரம் பார்த்துக் கப்பல் நிற்கும் இடத்தைக் கணிப்பது எல்லாம் கையால் பழகினார். திரும்பி வந்து கேம்பிரிட்ஜில் ஒரு பாதிரியார் வீட்டில் தங்கிக் கணிதம் படித்தார். அந்தக் காலத்தில் ஜப்பான் பிரிட்டனில் மூன்று போர்க்கப்பல்களைக் கட்டச் சொல்லியிருந்தது. அவற்றில் 'ஃபுசோ' லண்டனில் கட்டப்பட்டபோது மேற்பார்வையில் இருந்தார். 'ஹியெய்' கப்பலில் ஏறி 1878 மே மாதம் யோகோஹாமா வந்து சேர்ந்தார்.

அவர் திரும்பியபோது சாமுராய்கள் இருந்தார்களா?

இல்லை. கிளம்பிய 1871இலேயே சிற்றரசுகள் கலைக்கப்பட்டன. 1876இல் வாள் அணியத் தடை வந்தது. பரம்பரை ஊதியமும் கடன்பத்திரமாகிவிட்டது. 1877இல் சைகோ தலைமையில் சத்சுமா சாமுராய்கள் கிளர்ந்து அழிந்தார்கள். டோகோவின் அண்ணன் ஒருவர் அந்தப் பக்கம் நின்று உயிர்விட்டார். டோகோ அப்போது ஊரில் இருந்திருந்தால் அவரும் சைகோவோடு போயிருப்பார் என்று எழுதுபவர்கள் உண்டு. ஊகம்தான் என்றாலும், தெருவையும் குடும்பத்தையும் பார்த்தால் தள்ளிவிட முடியாத ஊகம்.

பதவி உயர்வு வேகமாக வந்ததா?

முதலில் வேகம், பிறகு தேக்கம். 1878இல் லெப்டினன்ட், 1879 முடிவில் லெப்டினன்ட் கமாண்டர், 1885இல் கமாண்டர், 1886இல் கேப்டன். அதன் பிறகு கீல்வாதமும் மார்புச் சளியும் படுக்கையில் தள்ளின. 1880களின் பிற்பாதியில் நெடுநாள் விடுப்பு. அந்த ஓய்வில் படித்தது சர்வதேசச் சட்டம். ரியர் அட்மிரல் ஆனது 1895இல், அதாவது கேப்டனாகவே ஒன்பது ஆண்டுகள். வைஸ் அட்மிரல் 1898, அட்மிரல் 1904 ஜூன், கடற்படையின் மிக உயர்ந்த 'கென்சுய்' பட்டம் 1913.

'காவ்ஷிங்' கப்பலை மூழ்கடித்தது போர்க்குற்றமா?

அன்றே சூடாக விவாதிக்கப்பட்ட கேள்வி. 1894 ஜூலை 25, கொரியக் கரையோரம், சீன-ஜப்பானியப் போர் தொடங்கும் நேரம். டோகோ 'நனிவா' க்ரூசரின் கேப்டன். பிரிட்டிஷ் கொடி பறக்க, ஏறத்தாழ 1,100 சீன வீரர்களை ஏற்றிக்கொண்டு காவ்ஷிங் வந்தது. கேப்டன் கால்ஸ்வர்தி, ஆங்கிலேயர். டோகோ செய்த ஒவ்வொன்றும் வரிசையாகப் பதிவாகியிருக்கிறது. நிற்கச் சொல்லிச் சமிக்ஞை கொடுத்தார். அதிகாரி ஒருவரைப் படகில் அனுப்பி ஆவணங்களைப் பார்க்கச் செய்தார். பின்தொடர்ந்து வர உத்தரவிட்டார். கால்ஸ்வர்தி சம்மதித்தார், ஆனால் சீன அதிகாரிகள் அவரை மிரட்டித் தடுத்தார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரம் பேச்சு இழுத்தது. கடைசியில் 'உடனே கப்பலை விட்டு வெளியேறுங்கள்' என்று சமிக்ஞை, சிவப்புக் கொடி, பிறகு டார்பிடோவும் பீரங்கியும்.

லண்டனில் கொந்தளிப்பு. போர் அறிவிப்பு வந்ததே ஆகஸ்ட் 1இல்தான். ஆனால் ஹாலண்ட், வெஸ்ட்லேக் என்ற இரண்டு சட்டப் பேராசிரியர்கள் 'தி டைம்ஸ்' நாளிதழில் எழுதினார்கள்: அறிவிப்பு இல்லாமலே போர் தொடங்கலாம், எதிரிப் படையை ஏற்றிய கப்பல் நடுநிலைக் கொடிக்குள் ஒளிய முடியாது. கொதிப்பு அடங்கியது. நோய்ப்படுக்கையில் படித்த சட்டம் கைகொடுத்த இடம் இது. ஆனால் மூழ்கடித்ததைச் சட்டம் காப்பாற்றினாலும், அதற்குப் பிறகு நடந்ததைக் காப்பாற்றாது. நனிவாவின் படகுகள் ஐரோப்பியர்களைத் தூக்கின. தண்ணீரில் தத்தளித்த சீன வீரர்களைத் தூக்கவில்லை. பெரும்பாலானோர் மூழ்கிப் போனார்கள்.

1903இல் கப்பற்படையின் தலைமைப் பொறுப்பு ஏன் அவருக்கு வந்தது?

அப்போது டோகோ மைசுரு என்ற ஒதுக்குப்புறக் கடற்படைத் தளத்தில் தலைவர். ஓய்வுக்கு முந்தைய இடம் என்றுதான் பலர் நினைத்தார்கள். அமைச்சர் யமமோத்தோ, பதவியில் இருந்த ஹிதகாவை எடுத்துவிட்டு டோகோவைப் போட்டார். இருவரும் சத்சுமாக்காரர்கள். பேரரசர் காரணம் கேட்டபோது, 'டோகோ அதிர்ஷ்டக்காரர்' என்று யமமோத்தோ சொன்னதாகப் பிரசித்தம். உண்மைக் காரணம் இன்னும் வறட்சியானது: ஹிதகா தன் எண்ணப்படி நடப்பவர், டோகோ டோக்கியோ சொன்னதைக் கேட்டு நடப்பவர், தேவைப்பட்டால் மட்டும் தானே முடிவெடுப்பவர். தந்தியும் கம்பியில்லாத் தந்தியும் வந்துவிட்ட காலத்தில் அமைச்சருக்கு அப்படி ஒருவர் வேண்டியிருந்தது.

அவர் தோற்றதே இல்லையா?

பெரிய அடிகள் உண்டு. ரஷ்யாவுடன் போர் தொடங்கிய 1904 பிப்ரவரி 8 இரவு, ரஷ்யக் கடற்படைத் தளமான போர்ட் ஆர்தர் துறைமுகத்தில் அவர் அனுப்பிய 10 டெஸ்ட்ராயர்கள் 16 டார்பிடோக்களை விட்டன. மூன்றுதான் பட்டன, மூன்று கப்பலும் மூழ்கவில்லை. எதிர்பார்ப்பில்லாமல் தூங்கிக்கொண்டிருந்த எதிரிக்கு எதிராக இது மோசமான கணக்கு. மே 15 இன்னும் மோசம்: 'ஹத்சுசே', 'யாஷிமா' என்ற இரண்டு போர்க்கப்பல்கள் ஒரே நாளில் ரஷ்யக் கடற்கண்ணியில் போயின. முதல்தர ஆறில் இரண்டு! காரணம், ஜப்பானியக் கப்பல்கள் துறைமுகத்துக்கு முன் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே தடத்தில் ரோந்து போனதை ரஷ்யர்கள் கவனித்து அந்தத் தடத்திலேயே கண்ணி போட்டதுதான்.

ஆகஸ்ட் 10, மஞ்சள் கடல் போர். போர்ட் ஆர்தரிலிருந்து தப்பி ஓடிய ரஷ்ய அட்மிரல் விட்கெஃப்டின் கப்பல்களை மறித்த டோகோ, தூரத்திலிருந்தே சூழ்ச்சியாக வளைந்து வளைந்து நேரத்தைக் கோட்டைவிட்டார். ரஷ்யர்கள் அவரைத் தாண்டிவிட்டார்கள். பின்னாலிருந்து துரத்தி எட்டிப் பிடிக்க மணிக்கணக்கில் ஆனது. இருட்டும் நேரத்தில் ஒரு குண்டு ரஷ்யத் தலைமைக் கப்பலில் பட்டு விட்கெஃப்ட் இறந்ததால்தான் அணி சிதறியது. அன்று பிழைத்தது யமமோத்தோ சொன்ன அந்த அதிர்ஷ்டத்தால்.

அவருடைய சொந்தக் குண்டுகளும் கோளாறு செய்தன. ஷிமோசே வெடிமருந்தும் தொட்டவுடன் வெடிக்கும் இஜுயின் வெடிதூண்டியும் எதிரியின் மேல்தளத்தைத் தீக்கிரையாக்கும். ஆனால் அளவுக்கு மீறிய உணர்திறனால் சில குண்டுகள் பீரங்கிக் குழாய்க்குள்ளேயே வெடித்து, குழாய் பிளந்தது. சுஷிமாவில் 'நிஷின்' கப்பலில் இடது கையின் இரண்டு விரல்களை இழந்த இளைஞர் பின்னாளில் அட்மிரல் ஆன யமமோத்தோ இசொரோகு. எதிரிக் குண்டா, சொந்தக் குழாயா என்ற சந்தேகம் இன்றும் உண்டு.

ரஷ்யர்கள் சுஷிமா வழியாகத்தான் வருவார்கள் என்று எப்படித் தெரிந்தது?

தெரியாது, கணித்தார். ரஷ்யத் துறைமுகமான விளாடிவோஸ்டாக் போக மூன்று வாசல்: சுஷிமா, சுகாரு, சோயா. டோகோ கொரியாவின் ஜின்ஹே விரிகுடாவில் காத்திருந்தார். ரஷ்யர்களின் தடயம் இல்லாமல் நாட்கள் போகவே, மே 24, 25இல் வடக்கே நகர்வதற்கான உத்தரவே தயாராகிவிட்டது. சில அதிகாரிகள் இன்னும் பொறுக்கச் சொன்னார்கள். 26ஆம் தேதி செய்தி வந்தது: ரஷ்யர்களோடு வந்த சரக்குக் கப்பல்கள் ஷாங்காய்க்குள் நுழைந்துவிட்டன. முடிச்சு அவிழ்ந்தது. பசிபிக் பக்கம் சுற்றிப் போவதென்றால் நடுவழியில் மறுபடி நிலக்கரி ஏற்ற வேண்டும். நிலக்கரிக் கப்பலை அனுப்பிவிட்டவன் குறுக்கு வழியில்தான் வருவான்.

27ஆம் தேதி விடியுமுன் துணைக் காவல் கப்பல் 'ஷினானோ மாரு', விளக்கெரித்தபடி வந்த ரஷ்ய மருத்துவமனைக் கப்பலைக் கண்டு, பின்தொடர்ந்து, மொத்தக் கூட்டத்தையும் பார்த்தது. கம்பியில்லாத் தந்தி 5 மணி சுமாருக்கு டோகோவை அடைந்தது. அவர் டோக்கியோவுக்கு அனுப்பிய செய்தியின் கடைசி வரியை அதிகாரி அகியாமா சனெயுகி சேர்த்தார்: 'இன்று வானம் தெளிவு, ஆனால் அலை உயரம்.' கவிதைபோலத் தெரியும், ஆனால் வேலைக்கான தகவல். அலை உயரமானால் சின்ன டார்பிடோப் படகுகள் முதலில் பாய முடியாது. பெரிய பீரங்கிதான் பேச வேண்டும்.

'டோகோ திருப்பம்' என்பது என்ன, ஏன் ஆபத்தானது?

பிற்பகல் 1.55க்கு டோகோவின் தலைமைக் கப்பல் 'மிகாசா'வில் இசட் கொடி ஏறியது: 'பேரரசின் எழுச்சியும் வீழ்ச்சியும் இந்த ஒரு போரில், எல்லோரும் முழுமூச்சாகப் பாடுபடுங்கள்.' அப்போது இரு அணியும் எதிரெதிர்த் திசையில் நெருங்கிக்கொண்டிருந்தன. 2.05 சுமாருக்கு, ஏறத்தாழ 8,000 மீட்டர் தூரத்தில், டோகோ இடப்பக்கமாக வளைந்து வந்த திசைக்கே திரும்பினார். பின்னால் வந்த கப்பல்கள் ஒவ்வொன்றும் அதே புள்ளிக்கு வந்து அங்கேயே திரும்பின. 12 கப்பல் திரும்பி முடிக்கக் கால் மணி நேரம். கடலில் ஒரே புள்ளியை எல்லோரும் கடந்தால் எதிரி பீரங்கிக்காரன் குறியை மாற்றவே வேண்டாம். 2.08க்கு ரஷ்யர்கள் சுடத் தொடங்கினார்கள். திரும்பி முடிக்காத கப்பல்களால் பதில் சுட முடியாது.

வேறு வழி இருந்ததா? எல்லாக் கப்பலும் ஒரே நேரத்தில் திரும்பினால் ஆபத்து குறையும். ஆனால் கடைசியில் இருக்கும் கப்பல் முன்னே வந்துவிடும், தலைமைக் கப்பல் வாலில் போய்விடும். திரும்பாமல் எதிர்த்திசையில் கடந்துபோனால் சில நிமிடச் சண்டையோடு எதிரி தாண்டிப் போய்விடுவான், மறுபடி துரத்தல். மஞ்சள் கடலில் நடந்தது அதுதான். அதைத் திரும்பச் செய்யக் கூடாது என்பதற்காகவே கால் மணி நேர அடியை வாங்கிக்கொண்டார் என்று படிப்பதே சரி. 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) வேகத்தில் திரும்பி, ரஷ்ய வரிசையின் தலைக்கு முன்னே போய், முன்னணிக் கப்பல்கள் மீது எல்லாப் பீரங்கியையும் குவித்தார்.

இதை ஆங்கில 'டி' எழுத்தின் குறுக்குக்கோடு என்று படம் போடுகிறார்களே?

படத்துக்கு அழகு. உண்மையில் இரண்டு வரிசையும் பெரும்பாலும் பக்கவாட்டில், டோகோ சற்று முன்னே இருந்தபடி சாய்வாக ஓடின. செங்குத்துக் குறுக்குக்கோடு அநேகமாக விழவே இல்லை.

ரஷ்யர்கள் அவ்வளவு சீக்கிரம் ஏன் உடைந்தார்கள்?

லிபாவ் துறைமுகத்திலிருந்து 18,000 கடல்மைல், ஏழு மாதம். கப்பல் அடியில் பாசியும் சிப்பியும். தளமெங்கும் நிலக்கரி மூட்டை, அதனால் கப்பல் அமிழ்ந்து, கவசப் பட்டை தண்ணீருக்குள் போய்விட்டது. கூடவே பழைய கப்பல்கள், துணைக் கப்பல்கள், எனவே அணியின் வேகம் 9 நாட். அதோடு ரஷ்யத் தளபதி ரொஷெஸ்த்வென்ஸ்கி கடைசி நேரத்தில் இரண்டு வரிசையை ஒன்றாக்க முயன்றபோது 'ஓஸ்லியாபியா' ஏறக்குறைய நின்றேவிட்டது. நின்ற கப்பல் மீது குண்டு மழை. முன்பக்கத்தில் கவசமில்லாத இடத்தில் ஓட்டை, உயர்ந்த அலை உள்ளே, 3.10 சுமாருக்குக் கவிழ்ந்தது. அன்று மூழ்கிய முதல் ரஷ்யப் போர்க்கப்பல் அதுவே. ரஷ்யத் தரப்பில் 4,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஜப்பானியர் 117 பேர், மூன்று டார்பிடோப் படகுகள். விளாடிவோஸ்டாக் போய்ச் சேர்ந்த போர்க்கலங்கள் மூன்றே.

சரணடைந்த பிறகும் சுட்டார் என்பது உண்மையா?

சிறிது நேரம், ஆம். 28ஆம் தேதி காலை, எஞ்சிய ரஷ்யக் கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய நெபோகாடோவ் சரணடைவதாகக் கொடி ஏற்றினார். கப்பல் நகர்ந்துகொண்டே இருந்தது. இயந்திரத்தை நிறுத்தினால்தான் சரண் என்று டோகோ சுடுவதை நிறுத்தவில்லை. நின்றதும் பீரங்கியும் நின்றது. சட்டம் படித்தவரின் கறார் மறுபடி. காயமுற்றுப் பிடிபட்ட ரொஷெஸ்த்வென்ஸ்கியைப் பிறகு சசெபோ மருத்துவமனைக்குப் போய் நலம் விசாரித்தார்.

பிற்காலம்?

1905 டிசம்பர் 21இல் கூட்டுக் கப்பற்படையைக் கலைத்தபோது படிக்கப்பட்ட உரை 'வென்றபின் தலைக்கவசத்தின் கயிற்றை இறுக்கு' என்ற பழமொழியில் முடிகிறது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அதை மொழிபெயர்க்கச் சொல்லித் தன் படைகளுக்கு அனுப்பினார். டோகோ 1909 வரை கடற்படைப் பொதுத் தளபதியகத்தின் தலைவர், 1914 முதல் 1921 வரை இளவரசர் ஹிரோஹிதோவின் கல்விக்குப் பொறுப்பாளர்.

அதற்கப்புறம்தான் சறுக்கல். 1930இல் லண்டன் கடற்படை ஒப்பந்தம் க்ரூசர் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டபோது, எண்பதைத் தாண்டிய டோகோ எதிர்த்தரப்பின் அடையாளமாக நின்றார். அவர் பெயரைச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது என்பதே அந்தக் கோஷ்டியின் பலம். 1934 மே 30இல் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். இறுதிச் சடங்குக்குப் பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள் போர்க்கப்பல் அனுப்பின.

'நெல்சனோடு ஒப்பிடுங்கள், கொரிய யி சுன்-சின்னோடு வேண்டாம்' என்று சொன்னாரா?

நெல்சன் பிரிட்டனின் அட்மிரல், யி சுன்-சின் கொரியாவின் அட்மிரல். எங்கும் சுற்றும் மேற்கோள், ஆனால் உறுதியான சான்று காட்டுபவர் இல்லை. பயன்படுத்தாமல் விடுவது நல்லது.

நிகுஜாகா என்ற மாட்டிறைச்சி உருளைக்கிழங்குக் கறி அவர் கண்டுபிடித்ததா?

இங்கிலாந்தில் சாப்பிட்டதைச் சமைக்கச் சொன்னபோது, சமையல்காரர் சோயா சாஸும் சர்க்கரையும் போட்டுச் செய்தார் என்பது கதை. மைசுருவும் குரேவும் எங்கள் ஊரில்தான் என்று சண்டை போடுகின்றன. ஊர் விளம்பரம்.

மிகாசாவை இன்றும் பார்க்கலாமா?

பார்க்கலாம், யோகோசுகாவில். 1902இல் பிரிட்டனின் விக்கர்ஸ் கட்டிய 15,000 டன் கப்பல். சுஷிமாவில் 30க்கு மேற்பட்ட குண்டுகளைத் தாங்கியது; ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் சசெபோ துறைமுகத்தில் தன் வெடிமருந்து அறையே வெடித்து மூழ்கியது. மீட்டுச் சரிசெய்தார்கள். 1922 வாஷிங்டன் ஒப்பந்தப்படி ஒழிக்க வேண்டியதை, மீண்டும் கடலுக்குப் போக முடியாதபடி கான்கிரீட்டில் பதித்து நினைவுச்சின்னமாக்க அனுமதி வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பீரங்கிகளைக் கழற்றி, தளத்தில் நடன அரங்கு நடத்திய காலமும் உண்டு. மீட்க உதவியவர்களில் ஒருவர் பசிபிக் போரில் ஜப்பானைத் தோற்கடித்த அட்மிரல் நிமிட்ஸ். இளம் அதிகாரியாக 1905இல் டோகோவை நேரில் சந்தித்தவர். 1961இல் திறந்தார்கள். இப்போது நிற்கும் பெரிய பீரங்கிகள் மாதிரி வடிவங்கள்தான். ஜப்பானில் உடைக்கப்பட்ட சிலி நாட்டுப் போர்க்கப்பல் ஒன்றின் பாகங்களும் புதுப்பிப்பில் சேர்ந்தன.